சோளம் வேறு, மக்காச்சோளம் வேறு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை உங்கள் பத்திரிகையோடு வந்த பெண்கள் இணைப்பில் சோள தோசைக்குச் செய்முறை வந்திருந்தது. நல்ல செய்முறைதான். மூன்று பங்கு சோளம், ஒரு பங்கு இட்லி அரிசி, முக்கால் பங்கு உளுந்து, ஒரு ஸ்பூன் வெந்தயம். எழுதியவர் தன் கையால் செய்து பார்த்துத்தான் எழுதியிருக்கிறார் என்பது அளவைப் பார்த்தாலே தெரிகிறது. ஆனால் அதன் பக்கத்தில் அச்சிட்டிருந்த படம் மக்காச்சோளம். தோகை உரித்து, நார் தொங்க, மஞ்சள் மணிகள் வரிசை கட்டி நிற்கிற மக்காச்சோளக் கதிர்.

மறுநாள் காலையில் எங்கள் ஊர்ப் பெண் ஒருவர் அந்தப் பக்கத்தை மடித்து எடுத்துக்கொண்டு என் மாவு மில்லுக்கு வந்தார். கையில் ஒரு தூக்குவாளி. அதில் ராத்திரி முழுக்க ஊறிய இரண்டு கிலோ மக்காச்சோளம். கோழிக்கு வாங்கி வைத்திருந்ததில் நல்லதாகப் பொறுக்கி எடுத்து ஊறப் போட்டிருக்கிறார். "அண்ணா, எட்டு மணி நேரம் ஊறியும் கல்லாட்டம் இருக்குதுங்க. கிரைண்டர் நின்னு நின்னு போகுது. இதை எப்படிங்க தோசைக்கு ஆட்டறது?" என்றார். "அம்மிணி, இது அந்தச் சோளம் இல்லை" என்றேன். "பேப்பர்லயே போட்டிருக்குதுங்களே" என்று படத்தைக் காட்டினார். எனக்குப் பதில் வரவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம். நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள். ரொம்ப வருடமாக மனதில் கிடக்கிற விஷயம்.

திருப்பூர் மாவட்டம் மூலனூர்ப் பக்கம் எங்கள் கிராமம். 1987 தை மாதம் மாவு மில் ஆரம்பித்தேன். அரவைக்கு வருகிற பையைப் பார்த்தாலே யார் வீட்டில் என்ன சாப்பிடுகிறார்கள் என்று மில்காரனுக்குத் தெரிந்துவிடும். ஆரம்பித்த வருடங்களில் நான் கதவைத் திறக்கும் முன்பே டின்னும் கூடையும் வாசலில் வரிசையாக இருக்கும். பாதிக்கு மேல் சோளமும் கம்பும்தான். சோளத்தை அன்று யாரும் நைஸாக அரைக்கச் சொல்ல மாட்டார்கள். கல்லைத் தளர்த்தி, ஒரு மணி மூன்று நான்காக உடைகிற மாதிரி விட வேண்டும். கொஞ்சம் இறுகிப் போனாலும் "என்னப்பா, மாவாக்கிப் போட்டியே, சோறு களியாப் போயிருமே" என்று சத்தம் போடுவார்கள். இன்று என் மில்லில் மிளகாய், மல்லி, அரிசி, கோதுமை வருகிறது. சோளம் மாதத்தில் ஏழெட்டுப் பேர் கொண்டுவந்தால் அதிகம்.

பெயர் குழம்பிப் போனதால் என்ன நடக்கிறது என்று மில்லில் உட்கார்ந்தபடியே பார்த்திருக்கிறேன். நான்கைந்து வருடத்துக்கு முன்னால் கல்லூரியில் படிக்கிற ஒரு பிள்ளை வந்து சோள மாவு நூறு கிராம் கேட்டது. அன்று காலையில் அரைத்த சோள மாவு இருந்தது, கொடுத்தேன். சாயங்காலம் திரும்பி வந்து, காலிஃபிளவர் எண்ணெயில் போட்டதும் பிரிந்துபோய்விட்டது என்றது. அதற்கு வேண்டியிருந்தது கார்ன் ஃப்ளோர். கடையில் அந்த வெள்ளைப் பாக்கெட்டைச் சோள மாவு என்றுதான் விற்கிறார்கள். உங்கள் சமையல் பக்கத்திலும் சோள மாவு இரண்டு ஸ்பூன் என்றால் அதைத்தான் சொல்கிறார்கள். மக்காச்சோளத்தின் தோல், முளை, புரதம் எல்லாவற்றையும் நீக்கிவிட்டு மிஞ்சுகிற வெறும் மாவுச்சத்து அது. சோளத்துக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

அது ஒரு தட்டுக் காலிஃபிளவரோடு போயிற்று. அடுத்தது அப்படி இல்லை. தாராபுரத்திலிருந்து ஒரு தாய் வந்தார். அவர் மகனுக்கு ஆறு வயது. சீலியாக் நோய் என்று சொல்லி, கோதுமை, மைதா, ரவை எதுவும் கூடாது, சோள மாவில் ரொட்டி செய்து கொடுங்கள் என்று மருத்துவமனையில் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். சொன்னது சரிதான். அந்த நோய்க்கு ஆகாதது கோதுமையில் இருக்கிற குளூட்டன் என்ற புரதம், அது சோளத்தில் கிடையாது. அந்தத் தாய் கடையில் சோள மாவு கேட்டிருக்கிறார், வெள்ளைப் பாக்கெட்டைக் கொடுத்திருக்கிறார்கள். இரண்டு மாதம் அந்த ஸ்டார்ச்சைக் கொதிநீரில் பிசைந்து, பசையாகிப் போனதைத் தோசைக்கல்லில் ஊற்றிக் கொடுத்திருக்கிறார். குளூட்டன் அதிலும் இல்லை என்பதால் நோய் கூடவில்லை. ஆனால் வளர்கிற பையன் இரண்டு மாதம் வெறும் பசையைத் தின்றிருக்கிறான். என் மில்லில் வெள்ளைச் சோளத்தைக் கையில் அள்ளிக் காட்டினேன். "இதுங்களா சோளம்? இதை நான் பார்த்ததே இல்லீங்களே" என்று அந்த அம்மா சொன்னபோது முகம் வாடிப்போனது. இன்றைக்கும் அந்த முகம் எனக்கு நினைவிருக்கிறது. அன்றிலிருந்து மில்லில் ஒரு கண்ணாடி ஜாடியில் சோளத்தையும் இன்னொன்றில் மக்காச்சோளத்தையும் போட்டு, பெயர் எழுதி ஒட்டி வைத்திருக்கிறேன்.

சர்க்கரை நோய்க்குச் சோளம் நல்லது என்று கேள்விப்பட்டு, தினமும் ஸ்வீட் கார்ன் வேகவைத்துச் சாப்பிட்ட ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவரையும் எனக்குத் தெரியும். அதை விரித்துச் சொல்லவில்லை. பெயரிலேயே ஸ்வீட் இருக்கிறது.

சோளம் எது என்று இளைய வாசகர்களுக்காகச் சொல்கிறேன். மணி மிளகு அளவு, உருண்டை. வெள்ளை, மஞ்சள், சிவப்பு எல்லா நிறத்திலும் உண்டு. ஆள் உயரத்துக்கு மேல் வளர்கிற தட்டின், அதாவது தண்டின், உச்சியில், தோகைக்குள் ஒளிந்துகொள்ளாமல், வெட்டவெளியில் ஒற்றைக் கதிராக நிற்கும். ஆப்பிரிக்காவில் சூடான், எத்தியோப்பியா பக்கம் பிறந்து, பல ஆயிரம் வருடங்களுக்கு முன்பே கடல் தாண்டி இங்கே வந்துவிட்டது. கொங்கு நாட்டிலும் திண்டுக்கல் பக்கமும் மானாவாரிக் காடு இருந்த இடமெல்லாம் இதுதான் சோறு. தெற்கே விருதுநகர், தூத்துக்குடிக் கரிசலில் இருங்குச் சோளம் என்று ஒரு வகை. மக்காச்சோளமோ மெக்சிகோ பக்கத்துப் பயிர். கொலம்பஸ் அமெரிக்காவுக்குக் கப்பல் விட்ட பிறகுதான் இந்தப் பக்கம் வந்தது. புதிதாக வந்ததற்கு, ஏற்கெனவே இருந்த சோளத்தின் பெயரோடு 'மக்கா' என்று முன்னால் ஒட்டி நம் பெரியவர்கள் பெயர் வைத்தார்கள். இப்போது முன்னால் ஒட்டியதை நாம் கழற்றிவிட்டோம். பெயர் புதியவனிடம் போயிற்று, பழையவன் பெயரில்லாமல் நிற்கிறான்.

எப்படிப் போயிற்று என்பதும் கண்ணால் பார்த்ததுதான். பல்லடம், உடுமலைப் பக்கம் கறிக்கோழிப் பண்ணை பெருகியது. நாமக்கல்லில் முட்டைக் கோழி. இரண்டுக்கும் தீவனம் மக்காச்சோளம். வாங்க ஆள் நிற்கிறபோது விவசாயி அதைத்தான் போடுவார், அதில் தப்பு இல்லை. சோளக்காடாக இருந்ததெல்லாம் மக்காச்சோளக் காடாயிற்று. ஆனால் ஊர் வாயில் பழைய பேச்சு அப்படியே நின்றது. "சோளக்காட்டுக்குப் போயிட்டு வர்றேன்" என்பார்கள். போவது மக்காச்சோளக் காட்டுக்கு.

"யானைப் பசிக்குச் சோளப்பொரி" என்று பழமொழி இருக்கிறதே, என் பேத்திக்கு அதைச் சொல்லிக் கொடுத்தபோது அவள் தியேட்டரில் வாங்குகிற பாப்கார்ன் டப்பாவை நினைத்துக்கொண்டாள். அவ்வளவு பெரிய பொரி இரண்டு கூடை தின்றால் யானைக்கே கொஞ்சம் பசி அடங்கும் போலத்தான் தோன்றும். பழமொழி சொல்கிற பொரி அது அல்ல. மிளகு அளவு மணி பொரிந்து மல்லிகை மொட்டு அளவுக்கு ஆவது. வாயில் போட்டால் இருக்கிற இடம் தெரியாது. அந்தச் சிறுமை தெரிந்தால்தான் பழமொழியின் கனம் தெரியும். கார்த்திகை தீபத்தன்று அந்தப் பொரியை வெல்லப்பாகில் தேங்காய்ச் சில்லோடு உருட்டி வைப்பார்கள். என் அம்மாயி அதற்கென்றே ஓட்டை விழுந்த ஒரு மண்சட்டியை எடுத்து வைத்திருப்பார். அதில் மணலைக் காயவைத்து, லேசாகத் தண்ணீர் தெளித்து ஈரம் உலர்ந்த சோளத்தை ஒரு கைப்பிடி போட்டு, துடைப்பக் குச்சியால் கிண்டுவார். படபடவென்று வெடித்து மேலே வரும்போதே அள்ளிச் சலித்துவிட வேண்டும். ஒரு நொடி தாமதித்தாலும் கருகும். நாங்கள் ஆறு பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்து, சட்டியை விட்டு வெளியே தெறிப்பது யாருக்கு என்று அடித்துக்கொள்வோம்.

சாப்பாட்டுக்கு வருகிறேன். சோளத்தை ஒதுக்கியவர்கள் பலரும், அது கடினம், தொண்டையில் இறங்காது, வயிறு இழுக்கும் என்கிறார்கள். அரிசியைச் சமைக்கிற மாதிரி சோளத்தைச் சமைத்தால் அப்படித்தான் இருக்கும். அதற்கென்று ஒரு பக்குவம் இருக்கிறது.

சோளச்சோற்றுக்கு அம்மாயி செய்த முறை இது. முதலில் சோளத்தில் கொஞ்சமாகத் தண்ணீர் தெளித்துப் பிசறி, கால் மணி நேரம் விட வேண்டும். தோல் மட்டும் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு தளரும், உள்ளே மணி காய்ந்தபடியே இருக்கும். அந்த நேரம் பார்த்து உரலில் போட்டுக் குத்தினால் தோல் தவிடாகக் கழன்றுவிடும். முறத்தில் புடைத்துவிட்டு மறுபடியும் குத்தி உடைத்துச் சலித்தால் மேலே ரவை, கீழே மாவு. உலைத் தண்ணீர் ரவையைப் போல மூன்றரை, நான்கு மடங்கு வேண்டும். கொதிக்கும்போது ரவையை மட்டும் போடுவார். அது முக்கால் வேக்காடு வந்த பிறகு, சலித்து வைத்த மாவைத் தண்ணீரில் கரைத்து ஊற்றிக் கிண்டி, அடுப்பைத் தணித்து மூடிவிடுவார். தணலிலேயே அரை மணி நேரம் கிடக்கும். மாவு சேர்ந்ததும் ரவை ஒன்றோடொன்று ஒட்டி, வெண்ணெய் மாதிரி ஒரு வழவழப்பு வரும். முதலிலேயே இரண்டையும் சேர்த்துப் போட்டால் கட்டி விழும், ரவை வேகாது. தொண்டையில் இறங்காத சோளச்சோறு என்பது இந்தத் தப்பினால் வருவது.

தொட்டுக்கொள்ள பண்ணைக்கீரைக் கடைசல். இந்தக் கீரையை யாரும் விதைக்க மாட்டார்கள். மழை பெய்ததும் சோளக்காட்டுக்குள் களையாக முளைக்கும். களை எடுக்கப் போனவர்கள் மடியில் கட்டிக்கொண்டு வந்து, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், பூண்டு போட்டு வேகவைத்துக் கடைவார்கள். கீரை இல்லாத நாளில் கொள்ளுப் பருப்பு, தட்டைப்பயறு. இரண்டும் அதே காட்டில் விளைந்தவைதான், சோளத்துக்கு ஊடு வரிசையில் தட்டைப்பயறும் அவரையும் போடுவார்கள். சோளத்தில் லைசின் என்ற சத்து குறைவு, பயறு வகைகளில் அது அதிகம், இரண்டும் சேர்ந்தால் உடம்புக்கு முழுப் புரதம் ஆகிறது என்று வேளாண் கல்லூரி மாணவர் ஒருவர் மில்லில் நின்றபடி எனக்கு விளக்கினார். கேட்டதும் அம்மாயி ஞாபகம் வந்தது. ஒரே காட்டில் இரண்டையும் விதைத்து ஒரே தட்டில் இரண்டையும் போட்டவர் அவர். மிச்சச் சோற்றை ராத்திரியே உருட்டித் தண்ணீரில் போட்டுவிடுவார். காலையில் அதைக் கரைத்து மோர் ஊற்றி, சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு குடித்துவிட்டு ஏர் ஓட்டப் போனால், அப்புச்சிக்கு உச்சி வெயில் வரை பசி தெரியாது.

இன்று யாரும் உரலில் குத்த வேண்டியதில்லை, நானும் அதைக் கேட்கவில்லை. ஈரம் பிசறிய சோளத்தை மில்லுக்குக் கொண்டுவந்தால் தோல் நீக்கி ரவையாக உடைத்துத் தருவோம். அந்த ரவையில் உப்புமா கிளறலாம். பாசிப்பருப்பு சேர்த்து மிளகுப் பொங்கல் வைக்கலாம், குக்கரில் நான்கு விசில் கூடுதலாக விட்டால் போதும். என் மனைவி மீந்த தோசை மாவில் கருப்பட்டி கரைத்து ஏலக்காய் தட்டிப் போட்டு ஊற்றுகிற பணியாரத்துக்கு என் பேரப்பிள்ளைகள் சண்டை போடுவார்கள். தோசைக்கு உங்கள் இணைப்பில் வந்த அளவே சரி. ஒன்று மட்டும் சேர்த்துச் சொல்கிறேன். உளுந்தைத் தனியாக ஆட்டுங்கள். சோளம் ஆட்டச் சூடு ஏறும், நடுநடுவே ஐஸ் தண்ணீர் தெளித்தால் மாவு சீக்கிரம் புளித்துப்போகாது.

ரொட்டி விஷயத்தில் எனக்கு ஒரு குரு உண்டு. எட்டு ஒன்பது வருடத்துக்கு முன்னால் எங்கள் பக்கம் ரோடு வேலைக்கு வடகர்நாடகத்திலிருந்து, குல்பர்கா பக்கத்துக் குடும்பங்கள் சில வந்து குடிசை போட்டுத் தங்கியிருந்தன. அதில் ஒரு பெண் வாரம் தவறாமல் வெள்ளைச் சோளம் ஐந்து கிலோ கொண்டுவருவார். எங்கள் ஆட்கள் ரவை கேட்பார்கள், அவர் பவுடர் மாதிரி நைஸாகக் கேட்பார். மாவு குழாயிலிருந்து விழும்போதே கையில் பிடித்து இறுக்கிப் பார்ப்பார். விரல் அச்சு நின்றால் சரி, உதிர்ந்தால் மறுபடியும் ஓட்டச் சொல்வார். ஒரேயடியாக இருபது கிலோ அரைத்து வைத்துக்கொள்ளலாமே என்று ஒருநாள் கேட்டேன். அவருக்குத் தெரிந்த தமிழில், பழைய மாவில் ரொட்டி உடையும், கசக்கும் என்றார். ஒருநாள் மில்லுக்குப் பின்னாலேயே கல் மூட்டி எங்களுக்குச் செய்து காட்டினார். தளதளவென்று கொதிக்கிற தண்ணீரை மாவில் ஊற்றிக் கரண்டிக் காம்பால் கிளறி, கை பொறுக்கிற சூட்டில் உள்ளங்கையின் அடிப்பக்கத்தால் தேய்த்துத் தேய்த்துப் பிசைந்தார். குளூட்டன் இல்லாத மாவு பச்சைத் தண்ணீரில் பிசைந்தால் ஒட்டாது, கொதிநீரில் பாதி வெந்தால்தான் பிடிப்பு வரும். பிறகு பலகையில் வைத்துத் தட்டித் தட்டிச் சுழற்றினார். சுழலச் சுழல ரொட்டி தானே பெரிதாகிக்கொண்டே போயிற்று. கல்லில் போட்டு, மேல்பக்கம் ஈரத் துணியால் ஒரு துடைப்பு. திருப்பியதும் உப்பி எழுந்தது. அந்த ரொட்டியும் நிலக்கடலைப் பொடியும் பச்சை வெங்காயமும் வைத்து எங்கள் ஐந்து பேருக்கும் கொடுத்தார். எங்களிடம் அவர் பைசா வாங்கவில்லை, அன்றிலிருந்து அவரிடம் நானும் அரவைக்கூலி வாங்கவில்லை.

கன்னடத்தில் ஜோளம் என்றால் நம் சோளம் மட்டும்தான் என்பதை அவரிடம்தான் தெரிந்துகொண்டேன். மக்காச்சோளத்துக்கு அவர்கள் ஊரில் கோவின ஜோளம் என்று தனிப்பெயர், மாட்டுச் சோளம் என்று பொருள். அங்கே பீஜாப்பூர், குல்பர்கா பக்கமும், மகாராஷ்டிரத்தில் சோலாப்பூர்ப் பக்கமும் இன்றும் வீட்டுக்கு வீடு சோளம்தான் ரொட்டி. கடையில் கேட்டால் தப்பாக எடுத்துக் கொடுக்க வாய்ப்பே இல்லை.

நம் பக்கம் சோளம் போனதற்குப் பெயர் மட்டும் காரணம் என்று நான் சொல்லவில்லை. உரலில் குத்திக் குத்திப் பெண்களின் தோள் தேய்ந்தது உண்மை. ரேஷன் அரிசி 2008இல் கிலோ ஒரு ரூபாய், 2011 ஜூன் முதல் இலவசம். அடுப்பில் வைத்த அரை மணியில் சோறு. அதனால் பசியாறிய வீடுகள் எங்கள் ஊரிலேயே எத்தனையோ. அதை யாரும் குறை சொல்லக் கூடாது. சோளம் சாப்பிடுகிறவன் இல்லாதவன், அரிசி சாப்பிடுகிறவன் வசதியானவன் என்ற எண்ணமும் இருந்தது. சம்பந்தம் பேச வந்தவர்கள் கண்ணில் படாமல் சோளச்சோற்றுச் சட்டியைப் பின்கட்டில் மறைத்ததை நானே பார்த்திருக்கிறேன்.

காட்டிலும் ஒரு சங்கடம் உண்டு. இதை நகரத்தில் இருப்பவர்கள் யோசித்திருக்க மாட்டார்கள். ஊரே சோளம் போட்ட காலத்தில் குருவியும் கிளியும் ஆளுக்கு ஒரு கதிர் தின்றுவிட்டுப் போகும். பத்துப் பேரில் ஒன்பது பேர் நிறுத்திவிட்டால், அத்தனை பறவையும் அந்தப் பத்தாவது ஆளின் காட்டில்தான் இறங்கும். பரண் போட்டு, தகரத்தைத் தட்டிக்கொண்டு பொழுது விடிந்ததிலிருந்து அடைகிற வரை ஒரு ஆள் நிற்க வேண்டும். அந்தக் கூலிக்கு விளைச்சல் கட்டாது. துவர்ப்புள்ள சோளத்தைப் பறவை அவ்வளவாகத் தொடாது, ஆனால் சோற்றுக்கு அது ருசிப்படாது. கடைசியில் நின்று போட்டவரும் இப்படித்தான் விட்டார்.

இன்றும் எங்கள் பக்கம் சோளம் விதைக்கிறோம், ஆனால் மாட்டுக்குப் போடுகிற தட்டுக்காக. நெருக்கி விதைத்து, கதிர் முற்றும் முன்பே அறுத்துப் போர் போட்டுவிடுவோம். காங்கேயம் மாட்டுக்கு அதற்கு இணையான தீனி கிடையாது. மாடு வளர்க்கப் புதிதாக வருகிற இளைஞர்களுக்கு ஒரு எச்சரிக்கை: இளஞ்சோளத்தில் மாட்டை விடாதீர்கள். மழையில்லாமல் வாடி நிற்கிற இளம்பயிரில் சயனைடு விஷம் ஏறியிருக்கும். என் மாமாவின் கறவை மாடு அப்படி வரப்பு தாண்டிப் போய் மேய்ந்துவிட்டு, வீட்டுக்குத் திரும்பவில்லை. பூத்த பிறகு அறுத்து, காயவைத்துப் போட்டால் பயமில்லை.

2023ஐ உலகச் சிறுதானிய ஆண்டு என்று ஐக்கிய நாடுகள் சபை கொண்டாடியது. கேட்டு வாங்கியதே இந்தியாதான். அதன் பிறகு தினை, சாமை, வரகு, குதிரைவாலி எல்லாம் பளபளக்கும் பாக்கெட்டில் வந்து கல்யாணப் பந்தி வரை ஏறிவிட்டன. சந்தோஷம். அந்தப் பட்டியலில் சோளமும் உண்டு. ஆனால் தினைக்கு வந்த மரியாதை அதற்கு வரவில்லை. தினை என்றால் தினை, வேறொன்றோடு குழம்ப வழியில்லை. சோளம் என்று கேட்டால் கடைக்காரர் ஸ்வீட் கார்னையோ வெள்ளைப் பாக்கெட்டையோ எடுக்கிறார். நூறு கிராம் சோளத்தில் பத்து கிராம் புரதம், பத்து கிராம் நார்ச்சத்து இருக்கிறது. இதைப் படித்துவிட்டுக் கடைக்குப் போகிறவர் எதை வாங்கி வருவார் என்பதுதான் என் கவலை.

அரசாங்கம் இரண்டையும் தெளிவாகப் பிரித்துத்தான் வைத்திருக்கிறது. 2025–26க்கு மத்திய அரசு அறிவித்த ஆதரவு விலையில் மக்காச்சோளம் குவிண்டாலுக்கு 2,400 ரூபாய், சோளம் 3,699 ரூபாய். சாதாரண ரக நெல்லே 2,369 ரூபாய்தான். நெல்லைவிட 1,330 ரூபாய் கூடுதலாக விலை வைத்த தானியம் எது என்று நம் பிள்ளைகளுக்கு அடையாளம் தெரியவில்லை. உங்கள் பத்திரிகையின் வேளாண் பக்கத்திலும் சந்தை நிலவரத்திலும்கூட இரண்டு பெயரும் தனித்தனியாக, சரியாகத்தான் வருகின்றன. சமையல் பக்கத்திலும் சினிமாப் பக்கத்திலும்தான் ஒன்றாகிவிடுகின்றன.

ஆகவே என் வேண்டுகோள் இவ்வளவுதான். சோளம் என்று நீங்கள் அச்சிட்டால் அது சோளமாகவே இருக்கட்டும். மற்றதை எவ்வளவு இடம் பிடித்தாலும் மக்காச்சோளம் என்று முழுசாக எழுதுங்கள். அந்த வெள்ளைப் பாக்கெட்டைக் கார்ன் ஃப்ளோர் என்றே எழுதிவிடுங்கள், எல்லோருக்கும் புரிகிற பெயர்தான். பாப்கார்னைச் சோளப்பொரி என்று எழுதாதீர்கள். தலைப்பில் இடம் போதவில்லை என்று நான்கு எழுத்தைக் குறைக்கும்போது, அந்தத் தாராபுரத்துத் தாயை ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளும்படி உங்கள் உதவி ஆசிரியர்களிடம் சொல்லுங்கள்.

படம் இல்லாததுதான் சிக்கல் என்றால் அதற்கும் வழி இருக்கிறது. என் மைத்துனர் இந்தப் புரட்டாசியில் ஒரு ஏக்கர் வெள்ளைச் சோளம் தானியத்துக்காகவே விதைத்திருக்கிறார். மழை கைகொடுத்தால் தை பிறக்கும்போது கதிர் முற்றி நிற்கும். உங்கள் புகைப்படக்காரரை அனுப்பி வையுங்கள். காலை ஏழு மணிக்குள் வந்துவிட்டால் நல்லது, வெளிச்சமும் நன்றாக இருக்கும், பரண் மேல் நின்று குருவி ஓட்டுகிற என் பேத்தியையும் படம் எடுக்கலாம். வீட்டில் சோளச்சோறும் பண்ணைக்கீரையும் தயாராக இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு மாவு மில்காரர்,
மூலனூர் வட்டாரம், திருப்பூர் மாவட்டம்.